மளிகைச் சீட்டில் இருக்கிறது கணக்கு
(கலோரி எண்ணியும் எடை இறங்காதவர்களுக்கான அத்தியாயம்)

திருத்தணி மலையடிவாரத்திலிருந்து முருகன் சந்நிதிக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்று சொல்லி ஏறுவார்கள். இந்த ஊரில் எடையைக் குறைக்க வேண்டும் என்று ஒருவர் முடிவெடுத்தால், முதலில் நினைப்பில் வருவது இந்தப் படிகள்தான். விடியற்காலையில் ஏறி இறங்குவது நல்ல பழக்கம். யாரும் விட வேண்டாம். ஆனாலும் இந்த அத்தியாயத்தை அந்தப் படிகளின் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். பலருடைய கலோரிக் கணக்கு முதலில் பிசகுவது அங்கேதான்.

ஒரு படி அரையடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். 365 படிக்குச் சுமார் 55 மீட்டர். 70 கிலோ உடம்பை 55 மீட்டர் மேலே தூக்கத் தேவையான வேலை, இயற்பியல் கணக்குப்படி 9 கலோரிதான். தசை செலவழிக்கும் சக்தியில் நாலிலோ ஐந்திலோ ஒரு பங்குதான் வேலையாக மாறும், மீதி வெப்பமாகப் போகும். அதனால்தான் பாதி வழியில் சட்டை நனைந்துவிடுகிறது. அதையும் சேர்த்தால் ஏறுவதற்கு 40 முதல் 50 கலோரி, இறங்க 15, 20. போய் வர மொத்தம் 65 கலோரி என்று வையுங்கள். ஒரு நடுத்தர இட்லி, அதுவும் சட்னி தொடாத இட்லி. (இந்த நூலில் கலோரி என்று எழுதுவதெல்லாம் பாக்கெட்டுகளில் அச்சடித்திருக்கும் கிலோ கலோரியைத்தான்.)

படி ஏறுவதால் இதயம் பலப்படும், தொடைத் தசை உறுதியாகும், சர்க்கரை கட்டுக்குள் வரும். இவையெல்லாம் உண்மை. ஆனால் "இன்னிக்கு மலை ஏறிட்டேன்" என்று அடிவாரத்தில் ஒரு பொங்கல், ஒரு வடை சாப்பிட்டால் 400 கலோரிக்குக் குறையாது. கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தை நம்பியும் பயனில்லை. 2017ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஏழு வகைக் கைக்கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பை அவற்றில் பெரும்பாலானவை சரியாகவே காட்டின. செலவான கலோரியைக் காட்டுவதில் மிகத் துல்லியமான கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். ஆகவே முதல் விதி: உடற்பயிற்சியில் செலவான கலோரியைச் சாப்பாட்டுக் கணக்கில் வரவாக எழுதாதீர்கள். அது ஆரோக்கியத்துக்கு. கணக்குச் சமையலறையில் நடக்கட்டும்.

கசியும் இடம்

நாற்பது வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உயரம் 155 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. மருத்துவர்களும் செயலிகளும் பரவலாகப் பயன்படுத்தும் மிஃப்லின் சூத்திரத்தில் போட்டால், சும்மா படுத்திருந்தாலே அவர் உடம்புக்கு நாளொன்றுக்கு 1,290 கலோரி வேண்டும். வீட்டு வேலை, கடை வேலை, நடை எல்லாம் சேர்த்து 1,740 என்று வைப்போம். (இந்தச் சூத்திரம் அமெரிக்கர்களை அளந்து 1990ல் வகுத்தது. தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் உள்ள நம் உடம்புகளுக்குச் சற்று அதிகமாகவே காட்டக்கூடும்.) செயலி அவரிடம் 1,340 கலோரி சாப்பிடச் சொல்கிறது. நாளுக்கு 400 துண்டு விழுந்தால், ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற வழக்கமான கணக்கில், சுமார் மூன்று வாரத்தில் ஒரு கிலோ இறங்க வேண்டும்.

மூன்று மாதம் ஆகிறது. இறங்கவில்லை. அவர் ஒரு வேளை விடாமல் எழுதியிருக்கிறார். பொய் எழுதவில்லை. இரண்டு இட்லி, மூன்று தோசை, ஒரு கிண்ணம் சாதம், சாம்பார், பொரியல், மோர் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன.

இல்லாதவற்றைப் பாருங்கள். மூன்று தோசைக்குச் சுற்றி விட்ட எண்ணெய், தோசைக்கு ஒரு ஸ்பூன் வீதம் மூன்று ஸ்பூன்: 120 கலோரி. சர்க்கரை போட்ட இரண்டு டீ, ஒன்று 80 வீதம்: 160. தோசைக்குத் தொட்டுக்கொண்ட வேர்க்கடலைச் சட்னியில் அவர் பங்குக்கு விழுந்த 30 கிராம் கடலை: 150க்கு மேல். மொத்தம் 430. அந்த 400 கலோரித் துண்டு இங்கேயே அடைந்துவிட்டது. அவர் பட்டினி கிடந்ததும் உண்மை, எடை இறங்காததும் உண்மை. இரண்டுக்கும் நடுவே இருப்பது மூன்று ஸ்பூன் எண்ணெயும் இரண்டு டீயும் ஒரு பிடிக் கடலையும்.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 1992ல் நியூயார்க்கில் ஒரு மருத்துவக் குழு, 1,200 கலோரிக்குக் குறைவாகச் சாப்பிட்டும் இளைக்கவில்லை என்று வந்தவர்களைத் தேர்ந்தெடுத்து ஆராய்ந்தது. அவர்கள் உடம்பு சக்தியைச் செலவழிப்பதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்றே சொன்னதல்ல. மனிதக் கண்ணும் நினைவும் உணவை அளப்பதில் அவ்வளவுதான். படித்தவர், படிக்காதவர் வித்தியாசம் இதில் இல்லை. தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடையோடு இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அத்தனை பேரையும் நாக்கை அடக்கத் தெரியாதவர்கள் என்று எப்படிச் சொல்வது?

எல்லையோரச் சமையலறை

1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தோடு இருந்தது. ம.பொ.சி. முதலானோரின் எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு தமிழகத்தோடு சேர்ந்தது. மாவட்டம் மாறினாலும் அடுப்பு மாறவில்லை. இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி இருக்கிற அதே வீட்டில் வேர்க்கடலைச் சட்னியும் உண்டு. சாம்பாரும் உண்டு, பப்பும் உண்டு. புளிச்சக்கீரைத் துவையலும், எண்ணெய் மிதக்கும் ஆவக்காயும், சூடான சாதத்தில் பருப்புப் பொடி போட்டு மேலே ஊற்றும் நெய்யும் உண்டு. ருசியில் இதற்கு ஈடு கிடையாது. கலோரி எண்ணுகிறவருக்கோ, தொட்டுக்கொள்வதுதான் தட்டிலேயே கனமான பொருள் என்பதுதான் சிக்கல். வேர்க்கடலை 100 கிராமுக்கு 520 கலோரி. எண்ணெய் 100 கிராமுக்கு 900. சாதத்தை ஒரு கரண்டி குறைத்துவிட்டு ஆவக்காய் எண்ணெயைப் பிசைந்து சாப்பிட்டால் குறைத்தது எதுவுமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அரிசியை விட்டுவிட்டுக் கேழ்வரகுக் களிக்கு மாறினால் எடை தானாக இறங்கும் என்ற நம்பிக்கை இங்கே ஆழமாக இருக்கிறது. உலர்ந்த நிலையில் 100 கிராம் அரிசிக்கு 356 கலோரி, 100 கிராம் கேழ்வரகுக்கு 320. வித்தியாசம் பத்தில் ஒரு பங்கு மட்டும். கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம், பசி தாங்கும், ஆகவே நல்லதுதான். ஆனால் களி உருண்டை பெரிதாக இருந்தால் எடையும் பெரிதாகத்தான் இருக்கும்.

மேலே சொன்ன எண்கள் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணையிலிருந்து வருபவை. 1918ல் நம் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் ஓர் ஒற்றை அறையில் தொடங்கிய ஆய்வுக்கூடம் அது. 1958ல் ஹைதராபாத் போனது. 2017ல் அவர்கள் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் இருக்கின்றன. அரிசி, துவரம் பருப்பு, கத்தரிக்காய், கடலை என்று சமைக்காத பொருள்கள்தான் அதன் அடிப்படை. ஆய்வகத்தில் அளந்தது அவற்றைத்தான். உங்கள் செயலியில் 'தோசை 1', 'வெண்பொங்கல் 1 கிண்ணம்' என்று வருகிற எண்ணோ யாரோ ஒருவர் வீட்டுத் தோசைக்கு உத்தேசமாகப் போட்டது. உங்கள் வீட்டுத் தோசையின் அகலமும் அதற்குத் தெரியாது, எண்ணெயும் தெரியாது.

இதிலிருந்துதான் இந்த அத்தியாயம் சொல்ல வந்த வழி பிறக்கிறது. சமைத்த பண்டத்தை எண்ணுவதை விடுங்கள். வீட்டுக்குள் வருகிற பொருளை எண்ணுங்கள்.

மாதக் கணக்கு

மளிகைச் சீட்டை எடுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய் செலவாகிறது என்றால், ஆளுக்கு நாளொன்றுக்கு 41 மில்லி, அதாவது 38 கிராம். 340 கலோரி. உடலுழைப்பு குறைந்தவர்களுக்கு 20 முதல் 30 கிராம் போதும் என்பதே பொதுவான மருத்துவ ஆலோசனை. நாலு பேருக்கு மாதம் மூன்று லிட்டர் என்று வைத்தால் ஆளுக்கு 25 மில்லி வருகிறது. ஐந்து லிட்டரை மூன்றாக்கினால் ஒவ்வொருவருக்கும் தினம் சுமார் 135 கலோரி குறையும், யாரும் ஒரு வாய் சோறு குறைக்காமலே. நெய், வனஸ்பதி, வெண்ணெய் எல்லாவற்றையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கிச் சாப்பிட்ட பஜ்ஜி, முறுக்கு இந்தச் சீட்டில் வராது. அதைத் தனியே எழுதுங்கள்.

அரிசிக்கும் இதே வழி. 25 கிலோ சிப்பம் நாலு பேருக்கு 20 நாளில் தீர்ந்தால் ஆளுக்குத் தினம் 312 கிராம், 1,100 கலோரியை ஒட்டி வருகிறது. நம் உதாரணப் பெண்மணிக்கு வேண்டிய 1,740ல் அது 60 சதவீதத்துக்கு மேல். தானியம் நாளின் மொத்தக் கலோரியில் 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது அதே தேசிய நிறுவனத்தின் உணவுத் தட்டுப் பரிந்துரை. குறைகிற இடத்தில் பருப்பு, முட்டை, மோர், காய், கீரை வர வேண்டும். வெறுமனே குறைத்துவிட்டுப் பசியோடு படுத்தால் பத்தாம் நாள் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

வீட்டில் எல்லோரும் ஒரே அளவு சாப்பிடுவதில்லை என்பது சரியான ஆட்சேபம். அதற்கு உங்கள் பங்கை மட்டும் ஒரு வாரம் நிறுத்துப் பாருங்கள். உலையில் போட்ட அரிசியின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். வடித்த சாதம் மொத்தம் எவ்வளவு, உங்கள் தட்டுக்கு வந்தது எவ்வளவு என்று பாருங்கள். 600 கிராம் அரிசி 1,800 கிராம் சாதமாகி, அதில் 450 உங்களுக்கு என்றால், நீங்கள் சாப்பிட்டது 150 கிராம் அரிசி, 530 கலோரி. சமையலறைத் தராசு இல்லாவிட்டால் உங்கள் வீட்டு ஆழாக்கு நிறைய அரிசியை மளிகைக் கடைத் தராசில் ஒரு தடவை நிறுத்து, அந்த எண்ணை ஆழாக்கின் அடியில் எழுதி வைத்தால் போதும். எண்ணெய்க்கு, இருமல் மருந்துக் குப்பியோடு வரும் சின்ன பிளாஸ்டிக் மூடியை நன்றாகக் கழுவிப் பயன்படுத்தலாம். 5, 10, 15 மில்லி என்று கோடு போட்டே இருக்கும். பால் வாங்கும்போது பாக்கெட்டின் நிறத்தைப் பாருங்கள்: ஆவின் நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6.

எண்ணுகிறவர் ஒருவர், சமைக்கிறவர் இன்னொருவர் என்ற வீடுகளில்தான் இது சிக்கலாகிறது. நான் பார்த்தவரை, எடை இறங்காத ஆண்களில் பலருக்குத் தாங்கள் சாப்பிட்ட பொரியலில் எவ்வளவு எண்ணெய் விழுந்தது என்று தெரியாது. மருமகள் எண்ணிக்கொண்டிருப்பாள், மாமியார் தாளிப்பார். "அத்தை, நீங்க ஊத்துறதைக் குறைக்கச் சொல்லலை. இந்த மூடியில அளந்து ஊத்துங்க, எத்தனை மூடின்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் சண்டை வராது. ஒரு வாரம் அளந்து ஊற்றுகிறவர்கள் தாங்களாகவே குறைத்துவிடுவார்கள், கண்ணெதிரே எண்ணிக்கை ஏறுவதால். சமைக்கிற பெண்களுக்கு இன்னொரு சொல்: உப்புப் பார்க்கும் ஸ்பூன், குழந்தை மீதி வைத்த தோசை, வீணாகப் போகிறதே என்று வழித்துப் போட்டுக்கொண்ட சாதம், இவையும் சாப்பாடுதான். மீதியைக் குளிர்பெட்டியில் வையுங்கள், அல்லது நாளை அரை ஆழாக்குக் குறைத்து உலை வையுங்கள். உங்கள் உடம்பு மிச்சம் போடும் பாத்திரம் இல்லை.

விரதமும் ரயிலும்

கிருத்திகை விரதம் இந்த ஊரின் உயிர். பகலெல்லாம் பாலும் பழமும், இரவு பலகாரம். சோறு சாப்பிடவில்லை என்பதால் அன்று குறைவாகச் சாப்பிட்டதாகத் தோன்றும். ஒரு டம்ளர் சர்க்கரைப் பால், மூன்று வாழைப்பழம், இரவு நாலு பூரி, கொஞ்சம் கேசரி என்று எழுதிப் பாருங்கள், சாதாரண நாளைவிடக் கூடியிருக்கும். விரதத்தை விடச் சொல்லவில்லை. பலகாரத்தை இட்லியாகவோ இடியாப்பமாகவோ ஆக்கிக்கொள்ளலாம். ஆறு நாள் 400 வீதம் குறைத்த 2,400ஐ, ஏழாம் நாள் ஒரு கல்யாணச் சாப்பாடும் மாலை இனிப்பும் பாதியாக்கிவிட முடியும். ஆகவே நாள் கணக்கோடு வாரக் கணக்கையும் பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விரதம் இருக்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரும், அது உயிருக்கே ஆபத்து.

சென்னைக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போய் வருகிறவர்கள் தினம் நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே கழிக்கிறார்கள். அந்த நேரத்தில் கைக்கு வரும் சமோசாவும் மசாலாக் கடலையும் பசிக்காக வாங்கியவை அல்ல, பொழுதுக்காக. வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் வெள்ளரியும் சுண்டலும் எடுத்துப் போகிறவர் அந்தப் பயணத்தில் மட்டும் 200, 300 கலோரி மிச்சப்படுத்துவார். அரக்கோணம் வரையிலாவது எழுந்து நில்லுங்கள்.

எடைக் கருவி சொல்வதும் சொல்லாததும்

உடம்பின் எடை ஒரே நாளில் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். அது தண்ணீர். முந்தின நாள் ஊறுகாயும் கருவாடும் சாப்பிட்டால் ஏறும், மாதவிடாய்க்கு முன் ஏறும், மலச்சிக்கலில் ஏறும். பட்டினி கிடந்த முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கியதும் பெரும்பகுதி தண்ணீர்தான். காலையில் கழிவறை போய்விட்டு, எதுவும் சாப்பிடுமுன், தினமும் பார்த்து ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். நாலு வாரச் சராசரி அசையாவிட்டால்தான் கணக்கில் கசிவு இருக்கிறது என்று பொருள். கூடவே தையற்காரர் டேப்பால் இடுப்பை அளங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்பது எல்லை. எடை நின்றிருக்கும்போதே இடுப்பு சுருங்குவதும் உண்டு, அது வெற்றியே.

கொஞ்சம் குறைந்தபின் எடை நின்றுவிடுவதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு கிலோவுக்கு 7,700 என்ற கணக்கு, 1958ல் மாக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு பவுண்டுக்கு 3,500 என்று வகுத்ததிலிருந்து வருவது. இளைக்க இளைக்க உடம்பின் தேவையும் குறையும் என்பதை அது பார்ப்பதில்லை. நம் பெண்மணி 68லிருந்து 62 கிலோவுக்கு வந்தால் அவருடைய நாள் தேவை 80 கலோரியாவது குறைந்திருக்கும். அதோடு, குறைவாகச் சாப்பிடுகிறவர் தன்னை அறியாமலே குறைவாக அசைவார், மாடிக்கு ஒரு தடவை போவதைத் தவிர்ப்பார். ஐந்து கிலோவுக்கு ஒரு முறை கணக்கைப் புதிதாகப் போடுங்கள். ஆனால் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் 1,200க்குக் கீழே போக வேண்டாம். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் இந்த அத்தியாயத்தின் கணக்கைத் தங்களுக்குப் போட்டுப் பார்க்கவே கூடாது.

எட்டு வாரம் அளந்து, நிறுத்து, எழுதியும் எடை அசையவில்லை என்றால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள், ஸ்டீராய்டு, மனநலத்துக்கான சில மருந்துகள் எடையைக் கூட்டும். அவற்றை நீங்களே நிறுத்தாதீர்கள், மாற்று உண்டா என்று கேளுங்கள். திருத்தணி அரசு மருத்துவமனைக்குப் போகலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே வரும் ஊழியரிடமும் கேட்கலாம். "வாயைக் கட்டுங்க" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டால் நோட்டைத் திறந்து காட்டுங்கள். எண்கள் எழுதிய நோட்டைக் கையில் வைத்திருக்கிற நோயாளியிடம் அப்படிச் சொல்வது கடினம்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் என் பதில் எண்ணெய்தான். இன்று பிரிக்கும் எண்ணெய்ப் பாக்கெட்டின் மேல் பேனாவால் இன்றைய தேதியை எழுதுங்கள். அது தீரும் நாளில் அந்தத் தேதியையும் எழுதி, பாக்கெட்டை எறியாமல் வையுங்கள். மாதம் முடிந்ததும் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்கு வாருங்கள்.